61 கேட்ட விடை: 1,76,63,19,049

ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி 1 கூட்டினால் வருவதும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாகவே இருக்க வேண்டும். அத்தகைய எண் எது? 1150இல் இயற்றிய பீஜகணிதத்தில் இரண்டாம் பாஸ்கரர் இவ்வினாவை எழுப்பி விடையும் தருகிறார். தேடிய எண் 22,61,53,980. கிடைக்கும் வர்க்கமூலம் 1,76,63,19,049. இவற்றினும் சிறிய நேர் முழு எண் விடை இதற்கு இல்லை.

அண்டை எண்களோடு ஒப்பிடும்போதுதான் இதன் விந்தை புலப்படும். 60க்கு 4 போதும்: 60×16+1=961, அது 31இன் வர்க்கம். 62க்கு 8 போதும்; கிடைப்பது 63இன் வர்க்கம். இடையில் நிற்கும் 61 மட்டும் பத்து இலக்கம் வரை இழுத்துச் செல்கிறது. நூற்றுக்குட்பட்ட எண்களுள் இவ்வளவு பெரிய மீச்சிறு விடையைக் கோருவது வேறில்லை. எனவே ஒவ்வோர் எண்ணாக இட்டுப் பார்த்து பாஸ்கரர் இதை அடைந்தார் என்பது பொருந்தாது. மணற்பலகையில் 22 கோடி முயற்சிகள் மனிதர்க்கு இயல்வதன்று. விடையின் அளவே வழிமுறை ஒன்று இருந்ததற்குச் சான்று.

அவ்வழிமுறை சக்கரவாளம். இரு விடைகளை இணைத்து மூன்றாவதைப் பெறும் பாவனை என்னும் விதியை 628இலேயே பிரம்மகுப்தர் தந்திருந்தார். சக்கரவாளம் அதன்மேல் எழுந்தது. 8இன் வர்க்கம் 61ஐவிட 3 மிகுதி. இங்குத் தொடங்கினால் ஒரே சுற்றில் 39, 5 என்ற இணை வருகிறது: 39இன் வர்க்கம் 1521, 61×25 என்பது 1525, வேறுபாடு 4. வேறுபாடு 4 ஆகிவிட்டால் எஞ்சியதை பிரம்மகுப்தரின் விதியே முடித்துவிடும். அது முதலில் 29718, 3805 என்ற இணையைத் தருகிறது. 29718இன் வர்க்கத்தை இரட்டித்து 1 கூட்ட, 1,76,63,19,049. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் கணக்கு இது. மாணவர்கள் செய்து பார்க்கலாம்.

ஐந்து நூற்றாண்டு கழித்து, 1657இல், பிரான்சின் ஃபெர்மா இதே வகை வினாவை ஐரோப்பியக் கணித அறிஞர்க்கு அறைகூவலாக விடுத்தார். அதிகத் தொல்லை தராத சிறிய எண்கள் என்று சொல்லி அவர் ஃப்ரெனிக்கிளுக்கு முன்வைத்தவை 61, 109. குறும்பு வெளிப்படை. இந்திய நூல் அவர் கைக்கு எட்டியிருக்க வேண்டும் என ஊகிக்கத் தேவையில்லை. கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1817இல்தான் வெளிவந்தது. அதற்கும் மேலாக, கடினமான எடுத்துக்காட்டைத் தேடும் எவரையும் 61 தானே ஈர்த்துக்கொள்ளும்.

ஃபெர்மாவின் வினாவுக்கு வழி கண்டவர் இங்கிலாந்தின் பிரௌங்கர். ஆய்லரோ அதைப் பெல்லுக்கு உரியதாக எழுதினார். தொடர்பே இல்லாத அப்பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. பெயர் மாற வேண்டும் என்போர் மற்றொன்றையும் ஒப்ப வேண்டும். வர்க்கமல்லாத எந்த எண்ணுக்கும் விடை உண்டு என்ற நிறுவலைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அளித்தவர் லாக்ராஞ்சி. பாஸ்கரரின் நூலில் வழிமுறை உண்டு, அந்நிறுவல் இல்லை.

பாஸ்கரரும் சக்கரவாளத்தின் முதல்வர் அல்லர். 1073இல் உதயதிவாகரர் எழுதிய சுந்தரி என்னும் உரை, ஜயதேவர் என்பவரின் சுலோகங்களை மேற்கோள் காட்டுகிறது. அவற்றில் இம்முறை முழுமையாகவே உள்ளது. லக்னோவைச் சேர்ந்த கிருபா சங்கர் சுக்லா 1954இல் அவற்றை வெளிக்கொணர்ந்தார். ஜயதேவர் எழுதிய நூல் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை; அந்த உரையாசிரியர் எடுத்தாண்ட சுலோகங்களே எஞ்சியுள்ளன.