துண்டும் ரிலீவிங் லெட்டரும்: பெருங்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது குறித்து ஓர் ஆய்வு

1. சொல்லும் எல்லையும்

பெருங்குடியில் இன்று பழங்குடிகளைவிட வந்தேறிகளே அதிகம். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த இந்த ஊருக்கு ஒரு பக்கம் ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பும் குப்பைக்கிடங்கும். நடுவில் பி.ஜி. விடுதிகளில் தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். வந்து மூன்று வருடம் ஆனதும் டீக்கடைப் பேச்சு 'வெளியே' திரும்பிவிடும். அந்த 'வெளியே' பெரும்பாலும் சிங்கப்பூர்தான்.

சிங்கப்பூர் அண்டை நாடா என்று கேட்கலாம். நில எல்லையை வைத்துப் பார்த்தால் அல்ல. ஆனால் நேபாளத்துக்கும் பூடானுக்கும் இந்தியருக்கு விசாவே வேண்டாம். நேபாளத்தில் குடியிருக்கவும் தொழில் செய்யவும் 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையே இடம் தருகிறது. அங்கே வேலை தேடிப் போன பெருங்குடிவாசி எவரையும் நான் பார்த்ததில்லை. தமிழருக்கு அண்டை நாடு என்பது கப்பல் போன வழி. இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்ற அந்த வரிசையையே இக்கட்டுரை எல்லையாகக் கொள்கிறது.

ஒரே காரியத்துக்கு மூன்று நாட்டுத் தமிழும் மூன்று சொல் வைத்திருக்கின்றன. இலங்கையில் குடிவரவு, குடியகல்வு, சிங்கப்பூரில் குடிநுழைவு, நமக்கு வெறும் 'விசா'. இந்த ஒற்றைச் சொல்தான் குழப்பத்துக்கு வேர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உரிமையைத் தருவது பாஸ், அதை வழங்குவது மனிதவள அமைச்சு. தி.நகர் வடக்கு போக் சாலையில் இருக்கும் துணைத் தூதரகத்தில் போய் வாங்கி வரும் பொருள் அல்ல அது. 'விசா ரெடி, வேலையை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது சுற்றுலா நுழைவு.

2. முன்வரலாறு: கங்காணி, தகரச் சீட்டு, துண்டு

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி அந்நியர் அல்லர். முன்பணத்தோடு தன் சொந்த ஊருக்கு வந்து, தன் சாதியிலும் உறவிலும் ஆள் திரட்டிக் கூட்டிப் போனவர். வேலைக்கு இறங்கிய ஆள் கணக்குப்படி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. இன்று நிறுவனங்கள் தரும் ரெஃபரல் போனஸை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். உறவுதான் கதவு; அந்தக் கதவுக்குக் கூலி கடன். வழிச்செலவு, சோறு, துணி எல்லாம் தொழிலாளி பேரில் பற்றெழுதப்பட்டன.

1900களின் தொடக்கத்தில் இந்தப் பயணத்துக்கு ஓர் அடையாளப் பொருள் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கும். அதை வைத்திருப்பவரை வழியில் ஏற்றி, உணவளித்து, தோட்டத்தில் சேர்த்துவிட்டு, செலவை அந்த எண்ணுக்கு உரிய தோட்டத்துக்கு எழுதிவிடுவார்கள். அதில் ஆளின் பெயர் கிடையாது. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகக் காத்திருந்தவர்கள் இப்படி எண்களாகவே கடல் கடந்தார்கள்.

ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் தகரச் சீட்டு உதவாது, துண்டு வேண்டும். இன்ன ஆள், இவ்வளவு கடன், கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் காகிதம் அது. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் எடுக்காது. கடனைப் புதிய கங்காணி அடைத்தால் ஆள் கைமாறுவார், கடனும் கூடவே போகும். இலங்கை அரசு 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தது. தமிழர் பேரில் எழுதப்பட்ட வேலைக் காகிதங்களில் இதைவிடக் கொடுமையானது எனக்குத் தெரிந்து இல்லை. இத்தனைக்கும் அதில் இருந்தது ஒரு பெயரும் ஒரு தொகையும்தான்.

மலாயாவின் வழி சற்று வேறு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று அமைத்து, இந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகளிடமெல்லாம் வரி தண்டி, அந்தப் பணத்தில் இலவசக் கப்பல் சீட்டு கொடுத்தார்கள். நம் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அதற்கான முகாம்கள் இருந்தன. ஆளை வைத்துக்கொள்ள முதலாளியிடம் அரசு பணம் வாங்குவது என்ற ஏற்பாடு சிங்கப்பூரில் இன்றும் 'லெவி' என்ற பெயரில் இருக்கிறது. நோக்கம் மட்டும் தலைகீழ். அன்று ஆளை வரவழைக்க, இன்று வரவு பெருகாமல் தடுக்க. உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு மலாயாவுக்கு 1938இல் நிறுத்தியது. இலங்கைக்குக் கூலியாட்கள் போவதை 1939 ஆகஸ்டில் தடை செய்தது. அதோடு பழைய வழி மூடிக்கொண்டது.

3. பாஸ்

3.1 விண்ணப்பிப்பவர் யார்

பெருங்குடிப் பொறியாளர் குறிவைப்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ், பேச்சில் 'இ.பி.'. அதற்கு அவர் விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூர் முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் அந்த வேலையை அரசின் வேலைத்தளத்தில் 14 நாள் விளம்பரம் செய்திருக்க வேண்டும் (பத்து பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு). 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பத்துக்கு மாதச் சம்பளம் குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி, நிதித்துறையில் 6,200. வயது ஏற இந்தத் தளமும் ஏறும். நாற்பதுகளின் நடுவில் 10,700. இங்கே அனுபவத்தைச் சொல்லிச் சம்பளம் கேட்பார்கள். அங்கே வயதைச் சொல்லிச் சம்பளத்தைக் கட்டாயமாக்குகிறார்கள்.

3.2 நாற்பது புள்ளி

2023 செப்டம்பர் 1 முதல் 'காம்பஸ்' என்ற புள்ளிமுறையும் சேர்ந்துகொண்டது. நான்கு அடிப்படை அளவுகோல்களில் ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20, தேவை 40. முதல் இரண்டும் ஆளைப் பற்றியவை: சம்பளம் அத்துறை உள்ளூர்க்காரர் சம்பளத்தோடு ஒப்பிட எங்கே நிற்கிறது, படிப்பு எங்கே படித்தது. மற்ற இரண்டும் நிறுவனத்தைப் பற்றியவை: விண்ணப்பதாரரின் நாட்டவர் அங்கே ஏற்கெனவே எத்தனை சதம், உள்ளூர்க்காரருக்கு அது எவ்வளவு இடம் தருகிறது. பற்றாக்குறைத் தொழில்களுக்கும் அரசு முன்னுரிமை தரும் நிறுவனங்களுக்கும் கூடுதல் புள்ளி உண்டு. பட்டத்துக்குப் புள்ளி வேண்டுமானால் அது உண்மையானது என்று சரிபார்ப்பு நிறுவனத்தின் சான்று இணைக்க வேண்டும்.

3.3 உறவு என்னும் பளு

மூன்றாவது அளவுகோல்தான் இந்த ஆய்வின் மையம். நிறுவனத்தின் உயர்நிலைப் பணியாளரில் உங்கள் நாட்டவர் 5 சதத்துக்குக் குறைவென்றால் 20 புள்ளி. 25 சதத்துக்குள் இருந்தால் 10. அதை எட்டிவிட்டால் பூஜ்யம்.

போட்டுப் பார்ப்போம். இருபத்தெட்டு வயது மென்பொருள் பொறியாளர். சம்பளத்துக்கு 10, பட்டத்துக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். ஜூரோங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவு எடுத்தால், இந்தியர் குறைவு என்பதால் 20, உள்ளூர்க்காரர் ஓரளவு இருப்பதால் 10. மொத்தம் 50, பாஸ் ஆகிவிட்டார். அதே ஆளை, கல்லூரி சீனியர் வேலை பார்க்கும், பாதிக்கு மேல் இந்தியர் நிறைந்த மென்பொருள் நிறுவனம் எடுத்தால் நாட்டவர் கணக்கில் பூஜ்யம். உள்ளூர்க் கணக்கிலும் பூஜ்யம் விழுந்தால் 20இல் நின்றுவிடுகிறார். அந்த சீனியர்தான் பரிந்துரைத்தார், அவர் போன்றவர்கள் அங்கே இருப்பதுதான் தடை. உயர்நிலைப் பணியாளர் 25 பேருக்குக் குறைவான சிறு நிறுவனத்துக்கு இந்த இரண்டிலும் தானாகவே பத்துப் பத்து வந்துவிடும். பெருங்குடியில் யாரும் பெயர்கூடக் கேட்டிராத சிறு நிறுவனம், நிழற்குடை விளம்பரத்தில் பார்க்கும் பெரிய நிறுவனத்தைவிட எளிதான வாசலாவது இப்படித்தான்.

கங்காணி காலத்தில் ஊர்க்காரர் இருக்கும் இடமே போகும் இடம். புலம்பெயர்ந்த பல இனத்தாரும் அப்படித்தான் போனார்கள். காம்பஸ் அந்தப் பழக்கத்துக்குப் புள்ளி குறைக்கிறது. இதை இனவெறுப்பு என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ஒரே நாட்டவர் கூட்டம் கூடிக்கொண்டால் வாசலைத் தங்களுக்குள்ளேயே திறந்துகொள்வார்கள் என்ற உள்ளூர்க்காரரின் குறையில் நியாயம் உண்டு. கங்காணி முறையை அறிந்த நமக்கு அது விளங்காததல்ல. இந்தியாவோடு 2005இல் செய்த 'சீக்கா' பொருளாதார உடன்படிக்கை மீது எழுந்த கசப்பால் 2021 ஜூலை 6 அன்று சிங்கப்பூர் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் நீண்ட விளக்கம் தர வேண்டியிருந்தது. காம்பஸ் அறிவிப்பு வந்தது அடுத்த ஆண்டு.

3.4 ஆன்சைட்

இன்னொரு வழி 'ஆன்சைட்': ஒரே நிறுவனத்தின் சென்னைக் கிளையிலிருந்து சிங்கப்பூர்க் கிளைக்கு, உள்நிறுவன மாற்ற விதிகளின்படி மாற்றப்படுபவருக்குக் காம்பஸ் கிடையாது. ஆனால் அந்த வேலை முடிந்தால் அங்கேயே வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ளும் வாய்ப்பும் கிடையாது.

4. வேறு இரண்டு வாசல்கள்

பொறியாளர் மட்டும் போவதில்லை. பெருங்குடியின் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவரும் போகிறார். அவர் மொழியில் அது 'டெஸ்ட் அடிச்சுட்டுப் போறது'. சிங்கப்பூர்க் கட்டுமான ஆணையம் ஒப்புக்கொண்ட மையத்தில் கம்பி கட்டுதலோ பலகை அடித்தலோ செய்து காட்டித் தேர்ச்சி பெற்றால் தொழிலாளருக்கான பாஸான 'வொர்க் பெர்மிட்'டுக்கு வழி பிறக்கும். அவருக்கு வரும் முன் அனுமதிக் கடிதம் (ஐ.பி.ஏ.) அவர் தாய்மொழியிலும் இருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் தமிழில் எழுதியிருக்கும்; விமானம் ஏறும் முன்பே கைக்கு வர வேண்டும். லெவியை அவர் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. இந்தியாவில் உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். நடைமுறையில் டெஸ்டுக்கும் ஏஜென்டுக்கும் சேர்த்து நிலத்தை அடகு வைத்தவர்களை எல்லோருக்கும் தெரியும். 1978 முதல் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்கியும் இது நடக்கிறது.

இன்னொரு வாசல் உண்மையில் வாசலே அல்ல. 2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் விடுத்த எச்சரிக்கை, கூலித் தொழிலாளரை அல்ல, கணினி படித்த இளைஞரைப் பார்த்துப் பேசியது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்' வேலை என்று அழைத்து, மே சோட் எல்லைக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கூடங்களில் அடைத்துவிடுகிறார்கள். அந்த அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினர். பர்மா நம் நில எல்லை நாடு; அண்டை நாட்டு வேலை என்ற சொல்லுக்கு அகராதிப்படி மிகப் பொருந்துவது இதுதான் என்பது கசப்பான வேடிக்கை. போனவரின் கையில் முதலாளி பெயர் போட்ட மெய்யான காகிதம் எதுவும் இல்லை; தகரச் சீட்டிலாவது ஓர் எண் இருந்தது. சிங்கப்பூரின் முன் அனுமதிக் கடிதம் மெய்யா பொய்யா என்பதை மனிதவள அமைச்சின் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். இந்தத் தாய்லாந்து அழைப்பில் சரிபார்க்க எதுவுமில்லை.

5. பெருங்குடியின் துண்டு

சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கும் நோட்டீஸ் நான்கு வாரம்தான். ராஜீவ் காந்தி சாலையின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் 90 நாள். புது முதலாளி ஒரு மாதத்தில் வரச் சொல்கிறார், பழைய முதலாளி மூன்று மாதம் விடமாட்டார், விட்டுவிட்டதாக ரிலீவிங் லெட்டரும் தரமாட்டார். நடுவில் நிற்பவர் நாட்களை விலை கொடுத்து வாங்குகிறார், சில சமயம் புது முதலாளியே அதைக் கட்டுகிறார். துண்டில் எழுதிய தொகையை அடுத்த கங்காணி அடைத்தது நினைவுக்கு வருகிறதா? அன்று எழுதியது அரிசிக் கடன், இன்று எழுதுவது நாட்கணக்கு. ஒப்பீட்டை அதற்கு மேல் இழுப்பது பழைய ஆட்களுக்குச் செய்யும் அநியாயம். இவர்களுக்கு வங்கியில் பணமும் பையில் பாஸ்போர்ட்டும் இருக்கின்றன.

அங்கே போன பிறகும் காகிதம் முதலாளி பேரில்தான். வேலையை விட்டால் அவர் பாஸை ரத்து செய்வார். தங்கிக்கொள்ள வழக்கமாகக் கிடைப்பது 30 நாள். வரிக் கணக்கை முடிக்கும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கவும் சட்டம் அவருக்குச் சொல்கிறது. அதனால்தான் இங்கே எல்லோரும் பேப்பர் போடும் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஆஃபர் லெட்டர் போதாது, 'ஐ.பி.ஏ. வரட்டும்' என்கிறார்கள். அந்த முன் அனுமதி வந்ததும் 90 நாள் எண்ணத் தொடங்கும்.

சென்ற கோடையில் கந்தன்சாவடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு பெண், கழுத்தில் கம்பெனி டேக், கையில் பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும்.

"அண்ணா, ரெண்டு எம்.பி.க்குள்ள பி.டி.எஃப். ஆக்கிக் குடுங்க."

முதல் கம்பெனி மூடிவிட்டது, சரிபார்ப்புக்குப் பதில் போட அங்கே ஹெச்.ஆர். என்று யாரும் இல்லை, அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டுகளையே காட்டவேண்டும் என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே மெயிலில் தேடினாள். பிறகு கடைக்காரரிடமே கேட்டாள்.

"இங்க நிறையப் பேர் வருவாங்கல்ல... ரிலீவிங் லெட்டர் கடைசி நாளுக்கு முன்னாடியே தர்றாங்களாண்ணா?"

"லேப்டாப்பையும் இந்த டேக்கையும் திருப்பிக் குடுத்தாத்தான்மா தர்றாங்க," என்றார் அவர், ஸ்கேனர் மூடியைத் தூக்கியபடி. "அடுத்த பக்கம் குடுங்க."