பொருநைக் கரையின் நூற்றொகைகளும் அறிவியற் புனைகதை வரலாறும்

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் எழுந்த நூல்களைக் கொண்டு எழுதுவதில்லை. எஞ்சிய நூல்களைக் கொண்டே எழுதுகின்றனர். எஞ்சியவை எவை, அவற்றை எஞ்சச் செய்தோர் யாவர் என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தமிழில் அறிவியற் புனைகதை தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராயும் மாணாக்கர்க்கு இவ்வினாக்கள் இன்றியமையாதன என்பதும், தனியொருவர் ஈட்டிய நூற்றொகையைச் சிதையாது ஏற்றுக் காத்தல் பல்கலைக்கழக நூலகங்களின் கடமை என்பதும் யாம் ஈண்டு நிறுவக் கருதுவன. சான்றுகளைப் பெரும்பாலும் பொருநை பாயும் நாட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

ஏட்டுச் சுவடிக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை முதலில் நினைவுகூர்தல் தகும். வரகுணபாண்டியன் தொகுத்த ஏடுகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்தன எனக் கேட்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் அங்குச் சென்றார். பழுதுற்ற ஏடுகளை விதிப்படி தீயிலிட்டுவிட்டதாக அங்குள்ளோர் கூறினர். அவரே ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது கவிராயர் குடும்பத்தார் வழிவழியாகப் போற்றிய சுவடி கிடைத்தது. 1889இல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்கு அது பெருந்துணையாயிற்று. ஓரிடத்தில் ஏடு அழிந்தது. மற்றோரிடத்தில் ஒரு வீட்டார் காத்தமையால் ஓர் இலக்கியம் நிலைபெற்றது. அச்சுப்பொறி வந்தபின் இவ்வச்சம் நீங்கியது எனப் பலர் கருதுவர். ஆயின், மதிப்புக் குறைந்தவையெனக் கருதப்பட்ட அச்சு நூல்களுக்கு அது இன்றும் நீங்கவில்லை.

சட்டம் இவற்றைக் காத்திராதோ எனின், ஓரளவே காத்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூற்பதிவு பற்றிய சட்டத்தால் வெளியாகும் நூல்களின் பட்டியல்கள் நமக்குக் கிடைத்தன. பட்டியலிற் கண்ட நூல் அனைத்தும் கிடைத்தில. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டமே சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படிகளைச் சேர்ப்பித்தலைக் கடமையாக்கியது. செய்தித்தாள்களும் இதழ்களும் அதன்கண் சேர்க்கப்பெற்றது 1956இல்தான். அறிவியற் புனைகதையோ இதழ்களிலும் மலிவுப் பதிப்புகளிலும் பெரிதும் வளர்ந்த இலக்கிய வகை. படிப்போர் கைம்மாறிக் கிழிந்து, இறுதியிற் பழைய தாள் வணிகரிடம் சேர்வதே அவற்றின் இயல்பாகிவிட்டது. ஆதலின், இவ்வகையிற் பற்றுக்கொண்ட தனிமனிதர் சேர்த்து வைத்தவையே இதன் வரலாற்றுக்கு முதன்மையான மூலங்களாகின்றன.

மேலைநாட்டார் இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டமைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறலாம். கலிபோர்னியாவைச் சேர்ந்த மருத்துவர் லாயிட் ஈட்டன் என்பார் திரட்டிய ஏறத்தாழ 7,500 நூல்களை, ரிவர்சைடிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1969இல் விலைக்குப் பெற்றது. எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970இல் தம் நூல்களும் இதழ்களுமாகிய ஏறத்தாழ 5,000 படிகளை டொராண்டோ பொது நூலகத்துக்கு நன்கொடையாக அளித்தார். இவ்விரண்டும் பின்னர்ப் பன்மடங்கு பெருகி ஆராய்ச்சி நிலையங்களாயின. ஒரு தொகுதி ஓரிடத்தில் அமைந்து பலர் காணுமாறு வைக்கப்பெறின், தம்மிடம் உள்ளவற்றையும் அதனோடு சேர்க்கப் பிறர் முன்வருவர். இதுவே கண்காட்சியின் பயன், அலங்காரம் அன்று.

இனிப் பொருநை நாட்டுக்கு வருவோம். திருநெல்வேலியில் 1990இல் தோன்றிய பல்கலைக்கழகம் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளையின் பெயரைத் தாங்கியுள்ளது. 1891இல் அவர் வெளியிட்ட மனோன்மணீயம், லிட்டன் பிரபு எழுதிய ‘மறைவழி’ என்னும் கதையைத் தழுவியது. தழுவலை ஆசிரியரே முகவுரையில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். அக்கதை 1866இல் வெளியான ஒரு தொகுப்பிற் காணப்படுவது. அதே லிட்டன் 1871இல், நிலத்தின் அடியில் வாழும் ஓர் இனத்தாரையும் அவர்கள் ஆளும் பேராற்றலையும் புனைந்து ‘வரவிருக்கும் இனம்’ என்னும் நூலை எழுதினார். அஃது ஆங்கில அறிவியற் புனைகதையின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. இதுகொண்டு, சுந்தரனார் அந்நூலையும் கற்றிருந்தார் எனத் துணிதல் தவறாகும். ஓராசிரியரின் ஒரு நூலைக் கற்றவர் அவருடைய பிற நூல்களையும் கற்றிருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. இத்தகைய வினாவுக்கு விடை பகரவல்லது ஆசிரியருடைய நூலடுக்கு ஒன்றே. அவர் கைப்பட்ட படிகளும், ஓரக் குறிப்புகளும், வாங்கிய நாளும் ஊரும் குறித்த எழுத்துகளுமே சான்றாக நிற்கத்தக்கன.

அடுத்து, புதுமைப்பித்தன். திருநெல்வேலி இந்துக் கல்லூரியிற் பயின்ற சொ. விருத்தாசலம் (1906–1948) சிறுகதையாசிரியர் என்னும் நிலையிலேயே பெரிதும் ஆராயப்பட்டுள்ளார். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழில் தந்தவரும் அவரே. அறிவியற் புனைகதையின் தொடக்கமாகப் பலர் கொள்ளும் நூல் தமிழுக்கு ஒரு நெல்லை எழுத்தாளர் வழி வந்தது என்பது நோக்கற்பாலது. அவருடைய கதைகளுட் சில பிறமொழித் தழுவல்கள் என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. அவ்வழக்கில் இரு திறத்தாரும் கதைகளை ஒப்பிட்டே வாதிட்டனர். அவர் படித்த நூல்கள் ஒரு தொகுதியாக நிலைபெற்றிருப்பின், ஊகத்தின் இடத்திற் சான்று நின்றிருக்கும். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் வெளியிட்ட செம்பதிப்பு, கதைகள் முதலில் வெளியான இதழ்களை நாடி, காலமுறையில் அவற்றை அமைத்தது. பழைய இதழ்களைத் தூக்கியெறியாது காத்தோர் இலராயின் அத்தகு பதிப்பு இயலாது என்பது வெளிப்படை.

பொருநைக் கரைப் பெருங்குளத்திற் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமி (1891–1986) வழக்கறிஞராயிருந்து, அறிவியற் செய்திகளை எளிய தமிழில் வாழ்நாள் முழுதும் எழுதியவர். புனைகதை அவர் துறையன்று. எனினும் அறிவியலைத் தமிழிற் படித்து இன்புறும் கூட்டத்தை ஆக்கியவருள் அவர் முதல்வரிசையினர். அக்கூட்டம் உருவான பின்னரே, மின்னணுப் பொறியியலராகிய சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ போன்ற தொடர்கதைகள் வார இதழில் வெளிவந்து இல்லந்தோறும் படிக்கப்படுதல் இயன்றது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வரலாறு நூல்வடிவம் பெற்ற படைப்புகளில் மட்டும் இல்லை. இதழ்களின் பக்கங்களிலும் கிடக்கின்றது.

நூற்றொகை சிதையாது நிற்பின் என்ன பயன் விளையும் என்பதற்குப் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையின் தொகுதி தக்க சான்று. திருநெல்வேலி மாவட்டத்துச் சிக்கநரசய்யன் கிராமத்திற் பிறந்து, 1926 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கியவர் அவர். கல்லிடைக்குறிச்சிச் சிவசுப்பிரமணியக் கவிராயர் இயற்றிய நாமதீப நிகண்டை 1930இல் அச்சேற்றியவரும் அவரே. 1956இல் அவர் மறைந்தார். அவர் ஈட்டிய ஏறத்தாழ 3,000 நூல்களும் சுவடிகளும் கல்கத்தாத் தேசிய நூலகத்தில் அவர் பெயராலேயே தனித் தொகுதியாக உள்ளன. அதனாற் சொல்லாராய்ச்சியாளர் ஒருவர் எவ்வெப் பதிப்புகளை அருகருகே வைத்து நோக்கினார் என்பதை இன்றும் அறியலாம். அந்நூல்கள் பொது அடுக்குகளிற் கலந்திருப்பின், நூல்கள் எஞ்சியிருக்கும். ஆராய்ந்த உள்ளத்தின் தடம் மறைந்திருக்கும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. பொருநைக் கரையில் தோன்றிய அறிவுச் செல்வத்தைக் காண, நெல்லை மாணாக்கன் கங்கைக் கரைக்குச் செல்ல வேண்டியுளது. இதற்கு ஏற்றவரைக் குறைகூறுதல் பொருந்தாது; அவர்கள் காத்தனர். உரிய காலத்தில் உரிய இடத்தில் ஏற்பார் இருத்தல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். மறைமலையடிகளின் ஏறத்தாழ 4,000 நூல்களைக் கொண்டு, திருநெல்வேலியில் 1920இல் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958இற் சென்னையில் ஒரு நூலகம் நிறுவியது. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய பெருந்தொகுதியை, அவர் மறைவுக்குப் பின் சிகாகோப் பல்கலைக்கழகம் விலைக்குப் பெற்றது. எனினும் நூல்கள் சென்னையிலேயே தங்கின. நுண்படச் சுருள்களே கடல் கடந்தன. பெயர்ப்பலகை எழுதும் தொழிலினரான அவர், கற்றோர் புறக்கணித்த குறுநூல்களையும் விளம்பரத் தாள்களையும் விலக்காது சேர்த்தார். இன்று ஆய்வாளர் மிகுதியாக நாடுவன அவையே.

பொழுதுபோக்குக் கதைகளுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் இடமளித்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். எந்நூல் பயன்படும் என்பதைக் காப்போன் முடிவு செய்யின், பின்வரும் ஆராய்ச்சியாளனின் உரிமையை அவன் கவர்ந்தவனாவான். கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளைத் தீயிலிட்டோரும் பழுதுற்றவை பயன்படா என்றே எண்ணியிருப்பர்.

ஆதலின் யாம் கூறுவன மூன்று. ஒன்று, அறிவியலாளரோ ஆசிரியரோ அலுவலரோ தம் கதைநூல்களையும் இதழ்களையும் வழங்க முன்வரின், அவற்றைப் பிரிக்காது அவர் பெயராலேயே நிறுத்துதல். இரண்டு, மேலட்டை, விளம்பரம், ஓரக் குறிப்பு, உரிமையாளர் கையொப்பம் ஆகியவற்றையும் விவரப் பட்டியலிற் குறித்தல். மூன்று, ஆண்டுக்கொரு முறையேனும் அவற்றைக் காட்சிக்கு வைத்து ஊராரை அழைத்தல்.

சுந்தரனார் அறிவுத்துறைகளை வகைப்படுத்தி ஆராய்ந்த தம் உரைநடை நூலுக்கு ‘நூற்றொகை விளக்கம்’ எனப் பெயரிட்டார். அவர் பெயர் வழங்கும் நாட்டில், ஓய்வுபெற்றோர் இல்லங்களின் பரண்களில் இன்றும் கட்டுக்கட்டாகக் கிடக்கும் தாள்கள் எடைக்குப் போடப்படுமுன் நம் கண்ணிற் படுதல் வேண்டும். ஆழ்வார்திருநகரியில் ஒரு வீட்டார் செய்ததை இனி ஒரு நூலகம் செய்தல் அரிதன்று.