கொங்கு வகுப்பறைகளில் தொழில்நுட்பம்: கருவி யார் கையில்?

கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே உள்ள செங்குட்டைப்பாளையத்தில், 2025 ஏப்ரலில், எட்டாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவி ஒருவர் மாதவிடாயைக் காரணம் காட்டி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்த்தப்பட்டுத் தேர்வு எழுத வைக்கப்பட்டார். அந்தத் தனியார் பள்ளிக்குச் சென்ற தாய் தம் கைப்பேசியில் எடுத்த காணொளி மாநிலம் முழுவதும் பரவிய பிறகுதான் கல்வித் துறை விசாரணைக்கு வந்தது. பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கல்வித் தொழில்நுட்பம் பற்றிய அரசு அறிக்கைகளிலும் நிறுவனங்களின் விளம்பரங்களிலும் இத்தகைய கைப்பேசிக்கு இடமில்லை. ஒரு தலித் குழந்தையின் கல்வி உரிமைக்குக் கருவி ஒன்று என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நாம் இங்கிருந்து பேசத் தொடங்குவதே பொருத்தம்.

ஏனெனில் கொங்குப் பகுதியின் வகுப்பறைகள் சாதிக்கு அப்பாற்பட்ட இடங்களாக ஒருபோதும் இருந்ததில்லை. 2018 ஜூலையில் அவிநாசி வட்டாரத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டு தடுத்தனர். 2022 இறுதியில் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்த தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். அங்கேயும், குழந்தை ஒன்று டெங்குக் காய்ச்சலில் விழுந்து பெற்றோர் கேள்வி கேட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. இப்படிப்பட்ட பள்ளிகளின் சுவர்களில்தான் இப்போது தொடுதிரைகள் மாட்டப்படுகின்றன.

முதலீடு சிறியதன்று. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 79,723 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் என்று தமிழ்நாடு அரசின் திட்டங்கள் விரிகின்றன. பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடுகள் அச்சாகின்றன. இவற்றை வெறும் காட்சிப் பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத குழந்தை அம்மொழியின் ஒலியை முதன்முதலில் கேட்பது பெரும்பாலும் பள்ளியில்தான். ஆய்வுக்கூட வசதியில்லாத ஊர்ப் பள்ளியில் இதயம் சுருங்கி விரிவதை அசைபடமாகக் காண்பது, கரும்பலகைப் படத்தால் ஈடுசெய்ய முடியாத அனுபவம். பார்வைக் குறையுடைய மாணவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் பிறர் தயவின்றிப் படிக்கும் வழியைத் திறக்கிறது. இந்த நன்மைகளை எல்லாம் தனியார் பள்ளிக் குழந்தைகள் விலை கொடுத்துப் பெறுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இதில் விடுபட்டுப்போன ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கொங்கின் அருந்ததியர் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். பள்ளிக்கு வரும் ஆறு வயதுக் குழந்தை தமிழைக் கற்றுக்கொண்டே தமிழ்வழிப் பாடத்தையும் கற்கிறது. ஒலிப்பதிவு இன்று மலிவானது. கதையொன்றை வீட்டுமொழியிலும் தமிழிலும் அடுத்தடுத்துக் கேட்க வைப்பதற்குப் பெரிய செலவாகாது. ஆனால் பாடக் காணொளிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் பேசுகின்றன. வகுப்பில் வாய் திறக்காத குழந்தை 'மந்தம்' என்று முத்திரை குத்தப்படுவதற்கு முன், அதன் மொழி எதுவென்று கேட்கும் மென்பொருளை எவரும் தேவையென்று கருதியதாகத் தெரியவில்லை.

கருவி வழங்குவதில் தமிழ்நாட்டின் முக்கியமான முன்னுதாரணம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். ஓட்டுக்கான இலவசம் என்று அன்று எள்ளி நகையாடியவர்களின் வீடுகளில் கணினி ஏற்கெனவே இருந்தது. திட்டத்தில் குறைகள் உண்டு: பழுதானால் சரிசெய்ய வழியில்லை, சில ஆண்டுகளில் மாணவர்கள் பள்ளியை விட்டுப் போன பிறகும் மடிக்கணினி வந்து சேரவில்லை, 2019-இல் அதற்காகப் போராட்டங்கள் நடந்தன. இருந்தும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவர் எவராயினும் அவர் பெயரிலேயே பொருள் கிடைத்தது. சாதிச் சான்றிதழ் கேட்காமல், தகுதித் தேர்வு வைக்காமல் கிடைத்தது. நிலமோ மனையோ இல்லாத குடும்பத்தில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் உடைமை பல வீடுகளில் அதுவாகத்தான் இருந்திருக்கும். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் பள்ளி மாணவர்களுக்கான வழங்கல் நின்றுபோனது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவிக்கப்பட்டது. கல்லூரிக்குப் போனவர்களுக்கு அது நல்லது. பத்தாம் வகுப்போடு நூற்பாலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விட்ட பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமில்லை.

கருவி பள்ளியிலிருந்து வீட்டுக்கு மாற்றப்படும்போது என்ன நேரும் என்பதைப் பெருந்தொற்று காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கல்வி என்பது 'வீட்டில் எத்தனை கைப்பேசி?' என்ற கேள்வியாகச் சுருங்கியது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில், இணைய வசதி 14.9 விழுக்காட்டில். ழான் த்ரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 எளிய வீட்டுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், கிராமப்புறத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காட்டினரே இணையவழியில் தொடர்ந்து படித்தனர். கிராமத்தின் பிற குழந்தைகளில் அது 15 விழுக்காடு. ஒரே கிராமம், ஒரே அலைவரிசை, ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபாடு. 'டிஜிட்டல் இடைவெளி' என்ற நாகரிகச் சொல்லுக்குள் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான பழைய இடைவெளிதான் ஒளிந்திருக்கிறது.

அதே ஆய்வுக் குழுவினரிடம் ஜார்க்கண்டின் லாத்தேஹார் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மேல்சாதியார், இந்தப் பிள்ளைகள் படித்துவிட்டால் எங்கள் நிலத்தில் வேலை செய்வது யார் என்ற பொருள்பட வெளிப்படையாகவே பேசினர். கொங்குத் தோட்டங்களில் இந்தக் கேள்வி இவ்வளவு வெளிப்படையாக எழ வேண்டிய தேவையே இல்லை. பள்ளி மூடிய மறுநாள் சோமனூர், பல்லடம் விசைத்தறிகளும் திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களும் கோழிப்பண்ணைகளும் தென்னந்தோப்புகளும் பிள்ளைகளின் வாசலிலேயே இருந்தன. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான பிரச்சார அமைப்பு தமிழ்நாட்டின் 24 மாவட்டங்களில் 818 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், வேலைக்குச் செல்வோர் பங்கு பெருந்தொற்றுக் காலத்தில் 28.2 விழுக்காட்டிலிருந்து 79.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆனைமலை, பர்கூர் மலைகளின் பழங்குடிக் குடியிருப்புகளில் அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி நடப்பதே ஒரு பாடவேளையாயிற்று.

அந்நாட்களில் இணையத்தைவிடச் சற்றேனும் பரவலாகச் சென்றது 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி. 2006 முதல் அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் குடிசைகளிலும் இருந்ததே அதற்குக் காரணம். பழைய 'இலவசம்' ஒன்று பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் பள்ளிக்கூடமாயிற்று. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி, தன்னார்வலர்கள் குடியிருப்புக்கே வந்து அமர்ந்தபோதுதான் பல குழந்தைகள் மீண்டும் எழுத்தைத் தொட்டனர். கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டை வழங்கப்பட்டது. நான்கு மாதத்தோடு அது முடிந்தது.

இதற்கெல்லாம் வெளியே நடந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. பெருவில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 கிராமப் பள்ளிகளில் அளந்து பார்த்தபோது கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. மாறாக, குஜராத்தின் வடோதராவில் மாநகராட்சிப் பள்ளிகளின் நான்காம் வகுப்பு ஏழைக் குழந்தைகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக அமர்ந்து கணித விளையாட்டுகளைப் பயின்றபோது மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. குஜராத்திலேயே நடந்த மற்றோர் ஆய்வில், ஆசிரியரின் பாடவேளையைப் பறித்துக் கணினிக்குக் கொடுத்தபோது கற்றல் குறைந்தது. பள்ளி நேரத்துக்குப் பின் கூடுதலாகக் கொடுத்தபோது, குறிப்பாகப் பின்தங்கிய மாணவர்கள் பயனடைந்தனர். கணினி ஆசிரியருக்கு மேலதிகமாக வர வேண்டும், மாற்றாக வரக் கூடாது என்பது இதன் பொருள். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் காலிப் பணியிடத்தை நிரப்பாமல் திரையை மட்டும் மாட்டுவதை நாம் எதிர்ப்பது இதனால்தான். நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்துத் தனியார் விடுதிப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றது தொடுதிரையால் அன்று; பணம் கட்டியவரின் பிள்ளைக்கு விடியற்காலை முதல் இரவு வரை பக்கத்தில் நிறுத்தப்பட்ட ஆசிரியர்களால்.

ஆய்வகத்துக்குள்ளும் வரிசை உண்டு. ஒரு கணினிக்கு மூவர் அமரும்போது விசைப்பலகை யார் கையில், தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பவர் யார் என்பதை எந்தப் பதிவேடும் குறித்து வைப்பதில்லை. நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர்களை அகர வரிசையில் அமர்த்தப் பரிந்துரைத்தது. அது கணினி ஆய்வகத்துக்கும் பொருந்த வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும் அக்குழு கூறியது. காகிதப் பதிவேட்டுக்குச் சரி. எமிஸ் தளத்தில் ஒவ்வொரு குழந்தையின் சமூகப் பிரிவும் பதிவாகியிருக்கிறதே, அதை எந்தெந்தக் கடவுச்சொல் திறக்கிறது? உதவித்தொகைக்கு அந்த விவரம் தேவை என்பது உண்மை. வகுப்பாசிரியரின் கைப்பேசித் திரையில் அது தெரிய வேண்டிய தேவை இல்லை. தரவுகளைப் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர்களின் நெடுநாள் புகார். குழந்தையின் சாதி எத்தனை கண்களில் படுகிறது என்பதும் அதனோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டும்.

பள்ளி வளாகத்தில் மாணவர்கள் கைப்பேசி வைத்திருப்பதைத் தடை செய்யவும் சந்துரு குழு பரிந்துரைத்தது. காரணம் புரிகிறது. 2015-இல் கல்லூரித் தோழியோடு பேசிய பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்ட பின், தலைமறைவாக இருந்த முதன்மைக் குற்றவாளியின் வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகள் கொங்கு முழுவதும் பரவியதை நாம் மறக்கவில்லை. சாதிக் குழுக்கள் இன்று மாணவர் கைகளில் மணிக்கட்டுக் கயிறாக மட்டுமின்றி நிலைத்தகவலாகவும் பின்னணி இசையோடு கூடிய காணொளியாகவும் உலவுகின்றன. ஆனால் அதே வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுதான் முக்கியச் சான்றாக நின்றது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆகவே தடையோடு நிறுத்திக்கொள்வது போதாது. கைப்பேசி இல்லாத மாணவி அவமதிக்கப்பட்டால் யாரிடம், எந்த வழியாகச் சொல்வாள்? அதே அறிக்கை பரிந்துரைத்த பள்ளி நல அலுவலர் பணியிடமும் 14417, 1098 ஆகிய உதவி எண்களும் வகுப்பறைச் சுவரில் எழுதப்படாத வரை, தடை பாதிக்கப்பட்டவரின் வாயையும் சேர்த்தே மூடும்.

விடுதிகளின் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில், கல்லூரி விடுதி மாணவியின் கைப்பேசிப் பயன்பாட்டுக்கு விதித்த கட்டுப்பாட்டை விசாரித்து, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இரவு படிக்கும் மாணவருக்கு இணைப்பும் மின்னேற்றும் இடமும் பூட்டி வைக்க அலமாரியும் இருக்கிறதா என்று கேட்க அந்தத் தீர்ப்பு வலுவான அடித்தளம்.

இந்தக் கேள்விகளைக் கேட்கச் சட்டப்படியான இடம் ஒன்று ஏற்கெனவே உள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும், நலிந்த பிரிவினருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கேற்ற இடமும் இருக்க வேண்டும். குழுக் கூட்டத்துக்குக் கூலியை விட்டுவிட்டு வர முடியாத பெற்றோருக்காகக் கூட்டத்தை மாலை நேரத்தில், குடியிருப்புக்கு அருகில் வைக்கச் சொல்லலாம். ஆய்வகம் வாரத்தில் எத்தனை பாடவேளை திறக்கப்படுகிறது, எந்தெந்த வகுப்புக்கு, பழுதான கணினிகள் எத்தனை, பழுதான நாள் எது, எமிஸ் சமூக விவரத்தைக் காணும் அனுமதி பெற்றவர் யார் யார் என்பவற்றைக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகங்களிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பள்ளிவாரியாகக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள்.