இலகு விமானத் தீப்பொறிச் செருகிப் பராமரிப்பு

தீப்பொறிச் செருகி என்பது இயந்திர உருளையினுள் அழுத்தப்பட்ட காற்று-எரிபொருள் கலவையை மின்பொறியால் பற்றவைக்கும் உறுப்பு ஆகும். பேச்சுவழக்கில் இது ஸ்பார்க் பிளக் எனப்படுகின்றது. இலகு விமானங்களின் பிஸ்டன் இயந்திரங்களில் பெரும்பாலும் உருளைக்கு இரண்டு செருகிகள் உண்டு. அவை இரு வேறு மேக்னெட்டோக்களுடன் இணைக்கப்பட்டிருக்கும். வானில் ஒரு மேக்னெட்டோ பழுதானாலும் இயந்திரம் நின்றுவிடக்கூடாது என்பதே காரணம். 1958-இல் முதன்முதலில் பறந்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் புஷ்பக், பிற்காலத்தில் இந்தியப் பயிற்சிக் கழகங்களில் பயன்பட்ட செஸ்னா 152 ஆகிய இரண்டும் நான்கு உருளைகளும் எட்டுச் செருகிகளும் கொண்டவை.

கழற்றுதல்

மேக்னெட்டோ மின்கலத்தைச் சார்ந்தது அன்று. சுழன்றாலே மின்சாரம் தரும். அதன் தரையிணைப்புக் கம்பி அறுந்திருந்தால் சாவியை அணைத்த பின்னும் அது உயிருடன் இருக்கும். கையால் சற்றே திருப்பிய சுழலி திடீரெனச் சுழன்று ஆளை வெட்டக்கூடும். ஆகவே முதலில் எல்லாச் செருகிகளின் மின்கம்பிகளும் கழற்றப்படுகின்றன.

கழற்றிய செருகிகள் உருளை எண், மேல், கீழ் எனக் குறித்த தட்டில் வைக்கப்படுகின்றன. எந்த உருளையில் எண்ணெய் கசிகின்றது என்பதை இந்த வரிசையே காட்டும். கீழே விழுந்த செருகியை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், எறிந்துவிட வேண்டும். உள்ளே பீங்கான் காப்பான் விரிசல் கண்டிருக்கலாம்.

தூய்மை செய்தல்

100எல்எல் விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். இந்தியாவில் இறக்குமதியாகி வந்த இவ்வெரிபொருளை இந்தியன் ஆயில் 2022-இல் உள்நாட்டுத் தயாரிப்பாக வெளியிட்டது. எரிந்த ஈயம் சிறு மணிகளாகத் திரண்டு, குறிப்பாகக் கீழ்ச் செருகிகளில் தங்கி, மின்பொறியைத் தடுக்கின்றது.

திருப்பூர்ச் சாலையோரத்தில் மொபெட் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவது போல இங்கே செய்ய இயலாது. ஈயமணிகள் அதிர்வுக் கருவியால் பெயர்க்கப்பட்டு, செருகி கரைப்பானில் கழுவப்பட்டு, சில நொடிகள் மட்டும் மணல் வீச்சுக்கு உட்படுத்தப்படும். வீச்சு நீண்டால் காப்பான் தேயும். ஒரு மணல்துகள் தங்கினாலும் அது உருளைக்குள் போய்ச் சேரும். பின்னர் மின்வாய் இடைவெளி (பொதுவாக 0.4 முதல் 0.5 மி.மீ.) சரிபார்க்கப்படும். தடை 5000 ஓமைத் தாண்டிய செருகியை மாற்றுவது வழக்கம்.

பொருத்துதல்

செப்பு வாஷர் புதிதாக இடப்படுகின்றது. மரையில் பூசும் பசை மின்வாயில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும் என்பதால் நுனி மரை விடப்படும். மேக்னெட்டோவின் மின்முனைமை மாறிமாறி வருவதால் தேய்மானம் சமமாகும்படி செருகிகள் இடம் மாற்றப்படுவதும் உண்டு. முதலில் விரலாலேயே திருகி, பின்னர் முறுக்குவிசைத் திருகியால் இறுக்க வேண்டும். லைகாமிங் இயந்திரங்களுக்கு அளவு 30 முதல் 35 அடி-பவுண்டு. வேலை முடிந்ததும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பதிவேட்டில் ஒப்பமிடுவார்.

செஸ்னா 152-இல் விமானி 1700 சுழற்சியில் ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார். சுழற்சி 125-க்கு மேல் குறைந்தாலோ, இரண்டுக்கும் இடையே வேறுபாடு 50-ஐத் தாண்டினாலோ விமானம் கொட்டகைக்கே திரும்பும்.