24 நாளா, 115 நாளா?

ஒரே கணக்குக்கு இரண்டு பேலன்ஸ் வந்தால் வங்கிக்காரனுக்குத் தூக்கம் வராது. சென்ற மாதம் அப்படி இரண்டு எண்கள் கண்ணில் பட்டன. வங்கி எண்கள் அல்ல. அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் எண்கள். புதிதாகப் பதிவு செய்துகொண்ட ஒருவர் முதல்முறை டாக்டரைப் பார்க்க சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறார்? மருத்துவமனை மேலிடத்துக்கு அனுப்பிய கணக்கு 24 நாள். 2014 மே மாதம் அந்தத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 226 பேருடைய கோப்புகளை எடுத்துப் பார்த்தபோது வந்த கணக்கு 115 நாள்.

நடுவில் காணாமல் போன 91 நாள் எங்கே போயிற்று என்று தேடிப் படிக்க ஆரம்பித்தவன், கிட்டத்தட்ட நூறு வருஷம் பின்னால் போய்விட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சின்ன அறிமுகம். அமெரிக்காவில் சாதாரண ஜனங்களுக்கு நம் ஊர் ஜி.எச். மாதிரி எல்லோருக்கும் பொதுவான அரசு மருத்துவம் கிடையாது. ஆனால் சீருடை போட்டு விட்டு வந்தவர்களுக்கு மட்டும் அரசாங்கமே ஆஸ்பத்திரி கட்டி, டாக்டருக்குச் சம்பளமும் கொடுக்கிறது. 1930ல் ஜனாதிபதி ஹூவர், சிதறிக் கிடந்த அலுவலகங்களை ஒன்றாக்கி 'வெட்டரன்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்று ஆரம்பித்தபோது 54 ஆஸ்பத்திரிகள். இப்போது சுமார் 170. பதிவு செய்துகொண்டவர்கள் 90 லட்சத்துக்கு மேல். எல்லோரும் 'வி.ஏ.' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இதற்கு முந்தைய அவதாரமே ஊழலில்தான் முடிந்தது. முதல் உலகப் போர் முடிந்து வந்தவர்களுக்காக 1921ல் ஒரு தனி பீரோ அமைத்து, ஜனாதிபதி ஹார்டிங் தன் நண்பர் சார்லஸ் ஃபோர்ப்ஸைத் தலைவராகப் போட்டார். காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டும் காண்டிராக்டிலேயே கை வைத்ததாக வழக்கு. 1925ல் தண்டனை, இரண்டு வருஷம் சிறை, 10,000 டாலர் அபராதம். இது நமக்குப் புரிந்த வகைத் திருட்டு. பின்னால் வருவதுதான் புரிய நேரமாகிற வகை.

இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். ஆல்பர்ட் டாய்ச் என்ற பத்திரிகையாளர் வி.ஏ. ஆஸ்பத்திரிகளின் நிலைமையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1945ல் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு யார் சொன்னது, பெயரைச் சொல்லுங்கள்" என்றது. அவர் மறுக்க, அவமதிப்பு நடவடிக்கை வரை போய்ப் பிறகு கைவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியை எப்படி நடத்துகிறார்கள் என்பதைவிட, உள்ளே இருந்து சொன்னது யார் என்பதில்தான் பெரியவர்களுக்கு அக்கறை. இந்தக் கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

அந்த வருஷமே ஜெனரல் ஒமர் பிராட்லி பொறுப்புக்கு வந்தார். ஐரோப்பாவில் படை நடத்திய மனிதர், இங்கே செய்தது ஒரு எளிய காரியம். 1946 ஜனவரியில், வி.ஏ. ஆஸ்பத்திரிகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்தார். டாக்டர் பற்றாக்குறை தீர்ந்தது. பேராசிரியர்களும் மாணவர்களும் வார்டுக்குள் வந்ததால் வெளிக்கண்களும் வந்தன. அமெரிக்க டாக்டர்களில் பெரும்பாலோர் படிக்கும் காலத்தில் ஏதாவது ஒரு வி.ஏ. வார்டில் வேலை பார்த்திருப்பார்கள் என்று சொல்லும் நிலைமை அங்கே ஆரம்பித்ததுதான்.

பிறகு வியட்நாம். முந்தைய போர்களில் களத்திலேயே செத்திருக்கக்கூடியவர்களை ஹெலிகாப்டர் தூக்கி வந்து பிழைக்க வைத்தது. முதுகுத்தண்டு முறிந்தவர்கள், கால் போனவர்கள், இருபது வயதுப் பையன்கள். அவர்கள் வந்து படுத்ததோ முதல் போர், இரண்டாம் போர்க் கிழவர்களுக்கென்று இருந்த பழைய வார்டுகளில். 1970 மே 22 தேதியிட்ட 'லைஃப்' பத்திரிகையில் நியூயார்க் பிராங்க்ஸ் வி.ஏ. ஆஸ்பத்திரியின் படங்கள் வந்தன. நிரம்பி வழியும் சிறுநீர்ப் பைகள், யாராவது வந்து திருப்பிப் படுக்க வைக்க மாட்டார்களா என்று கிடக்கும் நோயாளிகள், எலிகள். போரில் மகன் செத்தால் வீட்டுக்குத் தந்தி வரும், அது ஒரு துக்கம். மகன் பிழைத்து இப்படிக் கிடப்பதைப் பத்திரிகையில் பார்த்த பெற்றோரை நினைத்துப் பாருங்கள்.

ரான் கோவிக் அந்த பிராங்க்ஸ் வார்டில் இருந்தவர். 1968 ஜனவரியில் குண்டு பட்டு மார்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். 1974ல் இவரும் சக்கர நாற்காலி நண்பர்களும் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு செனட்டரின் அலுவலகத்துக்குள் புகுந்து, இரண்டு வாரத்துக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார்கள். கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை, வி.ஏ. தலைவர் நேரில் வந்து தங்களோடு பேச வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் வந்தார். அந்த வருஷமே பதவியும் விலகினார். கோவிக் 1976ல் எழுதிய புத்தகத்தைத்தான் 1989ல் ஆலிவர் ஸ்டோன் படமாக எடுத்தார், டாம் குரூஸ் நடித்தது. படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரிக் காட்சிகள் மறந்திருக்காது.

படம் பிடிக்க முடியாத இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1977ல் சிகாகோ வி.ஏ. அலுவலகத்தில் மாட் டிவிக்டர் என்ற பெண் ஊழியர், உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கிறவர். ஒரு முன்னாள் வீரரின் மனைவி அவரிடம், வியட்நாமில் தெளித்த ரசாயனத்தால்தான் தன் கணவருக்குப் புற்றுநோய் வந்தது என்று சொல்கிறார். விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. டிவிக்டர் அதைத் தள்ளிவிடாமல், தானாகவே ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தார். 1978ல் சிகாகோ டி.வி. ஒன்று அதை ஒளிபரப்பிய பிறகுதான் 'ஏஜெண்ட் ஆரஞ்ச்' என்ற பெயர் வீடுகளுக்குத் தெரிந்தது. சட்டம் வந்தது 1991ல். அந்த மனைவி சொன்னது காதில் விழ அரசாங்கத்துக்குப் பதினான்கு வருஷம்.

இனி ஒரு நல்ல காலம். 1994ல் கென்னத் கைசர் என்ற டாக்டர் வி.ஏ. மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். எல்லாவற்றையும் வாஷிங்டனிலிருந்து ஆட்டாமல் 22 வட்டாரங்களாகப் பிரித்தார், எங்கள் சோனல் ஆபீஸ் மாதிரி. வட்டாரத் தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டு, வேலையை எண்ணால் அளந்தார். எத்தனை பேருக்குத் தடுப்பூசி போட்டாய், எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிற மாதிரி. நோயாளியின் குறிப்பு முழுக்கக் கம்ப்யூட்டருக்குப் போனது. கன்சாஸ் மாநிலத்தில் டொபீகா ஆஸ்பத்திரி செவிலியர் ஒருவர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் பார்கோடு வருடுவதைப் பார்த்து, இதையே நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையிலும் மருந்துப் பொட்டலத்திலும் வைத்தால் மருந்து மாறாதே என்று யோசித்தார். பிறகு அது வி.ஏ. முழுக்க வந்தது. 2005ல் கட்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் வி.ஏ. ஆஸ்பத்திரி வெள்ளத்தில் மூழ்கியது. ஊரில் எத்தனையோ பேருடைய காகிதக் குறிப்புகள் தண்ணீரோடு போக, வி.ஏ. நோயாளிகளின் குறிப்பை வேறு ஊர் டாக்டர்கள் சில நாளிலேயே திறந்து பார்க்க முடிந்தது.

இத்தனை நல்லது செய்த அதே எண்தான் பிறகு காலை வாரியது. 2011ல் வி.ஏ. ஒரு இலக்கு வைத்தது. யார் அப்பாயிண்ட்மெண்ட் கேட்டாலும் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதிகாரிகளின் மதிப்பீடும் போனஸும் அதோடு சேர்ந்தது. டாக்டர் எண்ணிக்கை போதவில்லை, இராக், ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம், வயதான வியட்நாம்காரர்கள் இன்னொரு பக்கம். பிறகென்ன, மார்ச் 31 அன்று டெபாசிட் எப்படி ஏறி ஏப்ரல் 1 அன்று எப்படி இறங்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை :-)

தந்திரம் மிக எளிது. கம்ப்யூட்டரில் 'நோயாளி விரும்பும் தேதி' என்று ஒரு கட்டம் உண்டு. காத்திருப்பு அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். குமாஸ்தா முதலில் டாக்டருக்கு எப்போது இடம் காலி என்று பார்ப்பார். மூன்று மாதம் கழித்துத்தான். "அந்தத் தேதி சரிதானே?" என்று நோயாளியைக் கேட்பார். அவர் வேறு வழியில்லாமல் தலையாட்டியதும் 'விரும்பும் தேதி' கட்டத்தில் அதையே போட்டுவிடுவார். காத்திருப்பு பூஜ்ஜியம் நாள்! 89ஆம் நாள் ஏதோ ஒரு சிறு தொகையை வரவு வைத்து வாராக்கடன் பட்டியலிலிருந்து கணக்கைத் தப்ப வைக்கிற வேலைக்கு இது அண்ணன் முறை. இந்த மாதிரி விளையாட்டுகளை வரிசையாகப் பட்டியலிட்டு, செய்யாதீர்கள் என்று 2010 ஏப்ரலிலேயே தலைமையகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சுற்றறிக்கை படித்த அனுபவத்தில் சொல்கிறேன், அதைப் பார்த்துப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள்.

ஃபீனிக்ஸில் அதையும் தாண்டிப் போனார்கள். சுமார் 1,700 பேர் எந்த அதிகாரபூர்வக் காத்திருப்புப் பட்டியலிலுமே இல்லை. பட்டியலில் இல்லாதவன் காத்திருக்கவில்லை, காத்திருக்காதவனால் சராசரி கெடாது. சாம் ஃபூட் என்ற டாக்டர் ஓய்வு பெறும் சமயத்தில் இதை எழுதிக் கொடுத்தார். 2014 ஏப்ரலில் சி.என்.என். வெளியிட்டது. ஒரு குடும்பம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. சிறுநீரில் ரத்தம் போகிறது என்று முதியவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவசரம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மருமகள் போன் மேல் போன் போடுகிறார், கூப்பிடுவோம் என்கிறார்கள். அவர் இறந்து போகிறார். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது, அப்பாயிண்ட்மெண்ட் கிடைத்துவிட்டது என்று.

மே 30 அன்று துறைச் செயலர் ஜெனரல் ஷின்செகி ராஜினாமா செய்தார். இவரே வியட்நாமில் கால் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர். ஜூனில் நாடு முழுக்க நடத்திய தணிக்கையில், அப்பாயிண்ட்மெண்ட் போடும் ஊழியர்களில் 13 சதவீதம் பேர், தேதியை மாற்றிப் போடச் சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். 14 நாள் இலக்கு நடக்கவே முடியாதது என்று தலைமையகமும் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த முழு அறிக்கை, தாமதத்தால்தான் இந்த மரணங்கள் நேர்ந்தன என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. மருத்துவ ரீதியாக அது நியாயமான வாக்கியமாக இருக்கலாம். ஆனால் அந்த மருமகள் கேட்டது அதுவா? நான் இத்தனை முறை போன் செய்தது உங்கள் புத்தகத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்பதல்லவா அவர் கேள்வி?

அதே மாதம் புதுச் சட்டம் வந்தது. 30 நாளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தாலோ, வீடு 40 மைலுக்கு அப்பால் இருந்தாலோ தனியார் டாக்டரிடம் போகலாம், வி.ஏ. பணம் கொடுக்கும். கேட்க நன்றாக இருந்தது. பணம் நேரத்துக்குப் போகவில்லை. தனியார் ஆஸ்பத்திரி பில்லை நோயாளி தலையில் கட்டியது, வசூல் ஏஜெண்டுகள் வீட்டுக்குப் போன் செய்தார்கள், கிரெடிட் ஸ்கோர் அடி வாங்கியது. 2016ல் இதற்கென்றே வி.ஏ. தனி உதவி எண் வைக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் 2003 ஏப்ரலில் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். திட்டத்திலும் இதே வியாதி உண்டு. நான் இப்போது இருக்கும் வடக்கத்தி ஊரில் ராணுவக் குடும்பங்கள் அதிகம், எந்தத் தனியார் ஆஸ்பத்திரி பாக்கி என்று சொல்லி அட்டையை வாங்க மறுக்கிறது என்பது பென்ஷன்காரர்கள் கூடும் இடத்தில் எப்போதும் ஓடும் பேச்சு.

உள்ளே நுழைந்துவிட்டால் வி.ஏ. சிகிச்சை மோசமில்லை, பல விஷயங்களில் தனியாரைவிட மேல் என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டேதான் இருந்தன. 2019ல் வந்த ஓர் ஆய்வின்படி, 2017 வாக்கில் சில பெரிய நகரங்களில் வி.ஏ.யின் காத்திருப்பு தனியாரைவிடக் குறைந்திருந்தது, எலும்பு மருத்துவம் மட்டும் விதிவிலக்கு. 2017 முதல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் காத்திருப்பு நாளையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி செய்தார்கள். சிக்கல் சிகிச்சையில் இருந்ததைவிட வாசலில்தான் அதிகம் இருந்தது. வாசலில் நின்ற நேரத்தை எண்ணியவர்களோ அந்த எண்ணால் போனஸ் வாங்குகிறவர்கள்.

குடும்பங்களின் கணக்கு மட்டும் இன்னும் நீளம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மனைவிக்கோ தாய்க்கோ மாதாந்திர உதவித்தொகை தரும் சட்டம் 2010 மே மாதம் வந்தது. ஆனால் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு காயம்பட்டவர்களுக்கு மட்டும். வியட்நாமிலிருந்து 1968லும் 1970லும் கணவனைச் சக்கர நாற்காலியில் வாங்கிக்கொண்டவர்களுக்கு இல்லை. 2018ல் சட்டத்தை விரிவாக்கினார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தது 2020 அக்டோபர் 1. வியட்நாமுக்குப் பிறகு, 2001க்கு முன்பு அடிபட்டவர்களின் வீடுகளுக்கு 2022 அக்டோபர் 1.