தார்ப் பாலைவன முக்கோண அளவை

தார்ப் பாலைவன முக்கோண அளவை என்பது, இன்று இந்திய-பாகிஸ்தான் எல்லை செல்லும் மணற்பரப்பில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த நில அளவைப் பணியாகும். இது இந்தியாவின் பெரும் முக்கோணவியல் அளவையின் ஒரு பகுதி.

அந்த அளவையின் முதல் படி சென்னையில், நங்கநல்லூரை அடுத்த பரங்கிமலையில் எடுத்து வைக்கப்பட்டது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் அங்கு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் அளக்கப்பட்டது. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம். அவற்றில் ஒன்று அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும்.

இம்முறைக்கு ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் தெரிய வேண்டும். தமிழகத்தில் குன்றுகளும் கோயில் கோபுரங்களும் உதவின. தார்ப் பாலைவனத்திலோ கோணமானியை அசையாமல் நிறுத்த மேடை தேவைப்பட்டது. அதைக் கட்டப் பொருள் கிடைக்கவில்லை.

மத்திய இந்தியாவின் சிரோஞ்சிலிருந்து கராச்சி வரையான இத்தொடரின் பொறுப்பு, சென்னைக் குதிரைப்படை அதிகாரியான அலெக்சாண்டர் ஸ்டிரேஞ்சிடம் வந்தது. மேடைகளுக்கான பொருளோடு, சுமார் 200 பேருக்கான உணவுக்கும் அவர் வழி காண வேண்டியிருந்தது. ஒரு கோணம் தவறினாலும் பிழை அடுத்தடுத்த முக்கோணங்களுக்குப் பரவும் என்பதால் அவசரத்துக்கு இடமில்லை.

1853 ஏப்ரலில் பணி முடிந்தது. தொடரின் நீளம் 668 மைல். முதன்மை முக்கோணங்கள் 173. பரப்பு 20,323 சதுர மைல். இவ்வாறு நிலைநிறுத்திய புள்ளிகளே விரிவான நிலப்படங்களுக்குச் சட்டகமாகும்.