வண்டித்தடமும் பைக் தடமும்

தெற்கு இங்கிலாந்தில் சில மண்பாதைகள் வயல்களைவிடத் தாழ்வாக, வாய்க்கால்போல் ஓடுகின்றன. மழை பெய்தபின் பைக்கில் போனால் சக்கரம் தடத்தில் சிக்கும். எழுந்து நின்று, தூரத்தைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

அந்தப் பள்ளம் பைக்கால் வந்ததல்ல. பல நூற்றாண்டுகளாகக் குளம்புகளும் வண்டிச் சக்கரங்களும் மண்ணைக் கிளறின. மழைநீர் அதை அடித்துச் சென்றது. பழைய பொது வண்டிப்பாதை என்று நிரூபித்தால் மோட்டார் வண்டிக்கும் வழி உண்டு என்றிருந்தது. 2006-இல் வந்த சட்டம், முறைப்படி பதிவாகாத பல பாதைகளில் அந்த உரிமையை நீக்கியது.

எனக்குக் கோபம்தான். ஆனால் ஒருநாள் திரும்பிப் பார்த்தேன்: என் டயர் கிளறிய மண்ணும் மழைநீரோடு இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி தங்கைகளே, திறந்திருக்கும் பாதையானாலும் மண் காயும்வரை பொறுங்கள்.